இறப்பு நடந்த வீட்டை வாங்கப் போகிறீர்களா? "எப்படி" என்று கேளுங்கள்

கொஞ்சம் பழைய வீடு என்றாலே அதில் யாராவது ஒருவர் கண்ணை மூடியிருக்க வாய்ப்பு அதிகம். அதனால் "இங்கே யாராவது இறந்தார்களா?" என்று கேட்டு, ஆமாம் என்றதும் கிளம்பிவிடாதீர்கள். எப்போது, எப்படி, எத்தனை நாள் கழித்து வெளியே தெரிந்தது என்று இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். வீட்டை எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்ய உதவுவது இந்த மூன்றின் பதில்தான்.

தானாகச் சொல்வார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கடந்த 3 ஆண்டுக்குள் நடந்த இறப்பைத்தான் விற்பவர் சொல்லியாக வேண்டும், அதற்கு முந்தையதை அவராகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் நீங்கள் நேராகக் கேட்டால் பொய் சொல்லக்கூடாது. அதே நாட்டின் பென்சில்வேனியாவிலோ, வீட்டில் கொலை நடந்ததைச் சொல்லாமல் விற்றது தவறில்லை என்று 2014-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஜப்பானில் 2021-இல் அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி, முதுமையிலோ நோயிலோ இயல்பாக நடந்த இறப்பைப் பொதுவாகச் சொல்லத் தேவையில்லை, ஆனால் உடல் நெடுநாள் கவனிக்கப்படாமல் கிடந்து சிறப்புச் சுத்தம் செய்ய நேர்ந்திருந்தால் அது வேறு கணக்கு. இப்படி ஊருக்கு ஊர் சட்டம் மாறும் என்பதால், கேள்வியை மின்னஞ்சலில் கேட்டுப் பதிலையும் எழுத்திலேயே வாங்கி வையுங்கள். அப்புறம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள், தரகர் சொல்லாததை அவர்கள் சொல்லக்கூடும்.

"தூக்கத்திலேயே போய்விட்டார், நல்ல சாவு" என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வயதும் நோயும் இல்லாதவர் தூக்கத்தில் இறந்திருந்தால் கட்டாயம் துருவிக் கேளுங்கள், ஏனென்றால் அந்த வீடே அவரைக் கொன்றிருக்கலாம். எரிவாயு வெந்நீர் அடுப்பின் புகைக்குழாய் அடைத்துக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் தேங்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அந்தக் குழாய் இன்னும் அப்படியே இருந்தால் அடுத்து அதே அறையில் படுக்கப்போவது உங்கள் குடும்பம். எரிவாயு வேலை தெரிந்த ஒருவரை வைத்துச் சோதியுங்கள், குடிபோகும் முதல் இரவுக்கு முன்பே படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள். மின்சாரம் தாக்கி என்றால் எர்த் இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். மாடிப்படியில் விழுந்து என்றால் டேப்பை எடுத்து ஒவ்வொரு படியின் உயரத்தையும் அளந்து பாருங்கள். நடுவில் ஒரே ஒரு படி கொஞ்சம் உயர்ந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, கால்தான் தடுக்கும்.

இறந்து பல நாள் கழித்துத்தான் தெரிந்தது என்றால் அடுத்து தரையைப் பாருங்கள். உடலிலிருந்து கசியும் நீர் மரப்பலகை, சிமெண்ட் என்று எதற்குள்ளும் இறங்கும். மேலே பெயிண்ட் அடித்தால் போகாது, கதவைப் பூட்டி வைத்த ஈரப்பதமான நாளில் நாற்றம் திரும்ப வரும். அதனால் ஊதுபத்தி, வாசனைத் தெளிப்பான் எதுவும் வைக்காமல் ஒரு நாள் முழுக்க வீட்டைப் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டு, காலையில் போய் முதல் ஆளாக உள்ளே நுழையுங்கள். எல்லா அறையிலும் பழைய தரை, ஒரே ஓர் அறையில் மட்டும் புதுத் தரை என்றால் ஏன் என்று கேளுங்கள். பாதித்த பகுதியை வெட்டி எடுத்தார்களா, மேலே மூடினார்களா என்பதற்கு ரசீது இருக்கும். ரத்தக்கறை மிச்சம் இருந்தால் நீங்களாகத் துடைக்காதீர்கள், ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே 7 நாள்கூடத் தாக்குப்பிடிக்கும்.

இறந்தவர்தான் உரிமையாளர் என்றால், வாரிசுகள் எல்லாரும் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறார்களா என்று வழக்கறிஞரை வைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை மட்டும் அவசரப்பட்டு விற்றால் நின்று யோசியுங்கள்.

விலையைக் குறைத்துக் கேட்கலாம், தப்பில்லை. ஆனால் நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் இதே கேள்வி வரும், அதையும் கணக்கில் சேருங்கள்.

வீட்டில் ஒருவருக்காவது மனசு ஒப்பவில்லை என்றால், குழாயும் தரையும் எவ்வளவு சரியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ராத்திரி தண்ணீர் குடிக்க எழப் பயப்படுகிறவரிடம் போய்க் காரணகாரியம் பேசி என்ன பயன்? பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள், எப்படியும் தெருவில் யாராவது சொல்லத்தான் போகிறார்கள், அதற்கு முன் உங்கள் வாயால் எளிமையாகச் சொல்லிவிடுங்கள்.

நாங்கள் குடியிருக்கும் வீட்டில் முன்பு ஒரு பெரியவர் இருந்தார், நோய்வாய்ப்பட்டு இங்கேயே இறந்தார். குளியலறைச் சுவரில் அவருக்காகப் போட்ட இரும்புக் கைப்பிடி இருந்தது, எத்தனையோ முறை பிடித்துப் பிடித்து நடுவில் வண்ணம் தேய்ந்துபோயிருந்தது. கழற்றிவிடலாம் என்றுதான் திருப்புளியோடு போனேன். பிடித்து இழுத்துப் பார்த்தால் ஒரு திருகாணிதான் தளர்ந்திருந்தது. அதை முடுக்கிவிட்டு வந்துவிட்டேன், இப்போது என் அம்மா அதைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போகிறார்.