மூட்டுவலிக்குப் பத்தியம் சொல்லும்போது நாம் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நடந்த மூத்தோர் நலச் சந்திப்புக்குப் போயிருந்தேன். புதிதாகப் பயிற்சி முடித்த இரண்டு தொண்டூழியர்கள், மூட்டுவலி என்று சொல்லி வந்த ஒவ்வொருவரிடமும் ஒரே தாளை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு, பருப்பு, கீரை, முட்டை, தயிர், புளி என்று எட்டுப் பெயர்கள். ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மையில் பெருக்கல் குறி. அதை வாங்கிப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உணவியல் நிபுணராகப் பணியைத் தொடங்கிய காலத்தில் ஏறக்குறைய இதே தாளைத்தான் நானும் பலருக்குக் கொடுத்தேன்.

எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்க வேண்டும், மதுவைத் தவிர்க்க வேண்டும் என்பவை எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அக்கறையோடு ஆலோசனை சொல்ல முன்வருகிறவர்கள், அந்த அக்கறையினாலேயே செய்துவிடும் தவறுகளைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

எல்லா மூட்டுவலிக்கும் ஒரே தாள்

இந்தத் தவற்றின் வேர் நாம் பேசும் சொல்லிலேயே இருக்கிறது. முழங்கால் தேய்ந்தாலும் வாதம், விரல்கள் வீங்கினாலும் வாதம், கால் பெருவிரல் ஒரே இரவில் சிவந்து போர்வை பட்டாலே துடிக்க வைத்தாலும் வாதம். கீல்வாதம் என்ற சொல்லை ஒருவர் ஒரு நோய்க்கும் மற்றொருவர் வேறொரு நோய்க்கும் பயன்படுத்துகிறார்கள். பக்கவாதமும் இளம்பிள்ளை வாதமும் அதே குடும்பப் பெயரோடு வழங்குகின்றன. வளி, அதாவது வாதம், முதலான மூன்றும் மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் உண்டாகும் என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் தொடங்குகிறது. அந்தக் கருத்துதான், ‘வாயுப் பண்டம் சாப்பிடாதே’ என்று இன்றும் நம் வீடுகளில் ஒலிக்கிறது. மேற்கிலும் நெடுங்காலம் இதே நிலைதான். ‘ருமாட்டிசம்’ என்ற பெயர் ஒழுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தும், கால் பெருவிரலைச் சிவக்க வைக்கும் அந்த நோயின் ‘கவுட்’ என்ற பெயர் துளியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தும் பிறந்தவை. உடலுக்குள் கெட்டுப்போன நீர் சொட்டுச் சொட்டாக மூட்டுக்குள் இறங்குவதே நோய் என்று அங்கிருந்த மருத்துவர்கள் நம்பினார்கள். காரணம் ஒன்றுதான் என்று நம்பியவர்கள் பத்தியத்தையும் ஒன்றாகவே வைத்துக்கொண்டார்கள்.

அந்த நம்பிக்கையைப் பிரித்துப் போட்டது ஒரு நூலிழை. இலண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் பேரிங் கேரோட், கவுட் நோயாளிகளின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை 1848இல் காட்டினார். இரத்தத்தின் தெளிந்த நீரில் சிறிது அசெட்டிக் அமிலம் கலந்து, அதில் ஒரு நூலிழையைக் கிடத்தி வைத்தால், கவுட் நோயாளியின் நூலில் படிகங்கள் ஒட்டிக்கொள்ளும். மற்ற வாத நோயாளியின் நூல் வெறுமனே கிடக்கும். அப்படிப் பிரித்தறிந்த மற்றொரு நோய்க்கு, நாம் இன்று முடக்குவாதம் என்று அழைக்கும் அந்த நோய்க்கு, 1859இல் ‘ருமாட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ்’ என்று பெயரிட்டவரும் அவரே. ஒரு நூலிழை பிரித்து வைத்த நோய்களை, 150 ஆண்டுகளுக்குப் பிறகு, நான் ஒரு தாளைக் கொண்டு மறுபடியும் முடிச்சுப் போட்டேன்.

அந்த முடிச்சில் சிக்கியவர் ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார். அவருடைய இரண்டு கைகளிலும் விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. காலையில் எழுந்தால் பல் துலக்கக் குழாயைத் திருக முடியவில்லை என்றும், பத்து மணிக்கு மேல்தான் விரல்கள் மடங்குகின்றன என்றும் சொன்னார். மூட்டுநோய்ச் சிறப்பு மருத்துவரைப் பார்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்திருந்தார்கள். மருந்துகளுக்கு அஞ்சி அவர் போகவில்லை. ‘சாப்பாட்டிலேயே சரி பண்ணிட முடியுமாம்மா?’ என்று கேட்டார். முயன்று பார்ப்போம் என்று சொல்லி அந்தத் தாளைக் கொடுத்தேன். அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லியிருக்கவே கூடாது.

ஆறு வாரத்தில் வலி குறைந்ததாகத் தொலைபேசியில் சொன்னார், நானும் மகிழ்ந்தேன். முடக்குவாதம் தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது. அது இறங்கும் வாரங்களில் எந்தப் பத்தியத்தைக் கடைப்பிடித்தாலும் அந்தப் பத்தியம் வென்றதாகவே தோன்றும். வலி அடங்கியிருக்கும் நாட்களிலும் மூட்டின் உள்சவ்வில் அழற்சி தொடரக்கூடும், எலும்பு அரிக்கப்படக்கூடும் என்பது எனக்கு அப்போது பாடமாகத் தெரியுமே தவிர, கண்ணால் கண்டதில்லை.

ஓராண்டுக்கு மேல் கழித்து அவர் மீண்டும் வந்தார். கைப்பையின் ஜிப்பைத் திறக்க விரல்கள் உதவாததால், இரண்டு உள்ளங்கைகளுக்கும் இடையில் பையை இடுக்கிக்கொண்டு, கட்டைவிரலின் பக்கவாட்டால் நெம்பித் திறந்தார். மற்ற விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து போயிருந்தன. பைக்குள்ளிருந்து என் தாளை எடுத்தார். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைப்பதற்காக அதை லேமினேட் செய்திருந்தார். ‘இதுல இருக்கறதுல ஒண்ணுகூட நான் மீறலைம்மா’ என்றார். பருப்பும் முட்டையும் தயிரும் இல்லாமல் அவருடைய எடை 9 கிலோ குறைந்திருந்தது. முடக்குவாதத்தின் அழற்சி தானாகவே தசையைக் கரைக்கும். புரதத்தை நிறுத்தியதன் மூலம் அந்தக் கரைப்புக்கு நானும் துணை போயிருந்தேன்.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. என் மனத்திலிருந்து அந்தத் தாள் இன்னும் இறங்கவில்லை. ஆகையால்தான் புதியவர்கள் இதே தாளைக் கையில் எடுக்கும்போது என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. முடக்குவாதத்தில் எலும்பு அரிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தொடங்கிவிடுகிறது. அந்தக் காலத்தில் தொடங்கும் மருந்துதான் விரல்களைக் காக்கும். உணவு அதற்குத் துணை நிற்கும். மீன் எண்ணெய் வலியையும் விறைப்பையும் ஓரளவு குறைக்கலாம், நல்ல சாப்பாடு தசையைக் காப்பாற்றும். மருந்தின் இடத்தில் இவற்றை வைக்க முடியாது. ஆதலால் எந்த உணவைப் பற்றியும் பேசுவதற்கு முன், எந்த மூட்டு, காலை விறைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது, வலி மெல்ல வந்ததா ஒரே இரவில் வந்ததா என்று கேளுங்கள். இரண்டு கைகளிலும் சிறு மூட்டுகள் வீங்கி, விறைப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டினால், தாளை மடித்து வைத்துவிட்டு, மருத்துவரைப் பார்க்கப் பலதுறை மருந்தகத்துக்கு அனுப்புங்கள். கூடவே போக ஆள் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். தேய்ந்த முழங்காலுக்கு எந்தக் காயையும் விலக்கத் தேவையில்லை. எடை மிகுந்தவர் 1 கிலோ குறைத்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் இறங்கும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது. அங்கே பேச வேண்டியது அதைத்தான்.

அந்தத் தாளில் கத்தரிக்காயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் எப்படி இடம்பிடித்தன என்று பின்னாளில் தேடிப் பார்த்தேன். கத்தரிக்காய் கரப்பான், அதாவது தோலில் அரிப்பைக் கிளப்பும், என்பது நம்முடைய பழைய பேச்சு. மற்ற இரண்டும் தென் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியர் வழியாக நம்மை வந்தடைந்தவை. நம் முன்னோரின் பழம்பத்தியத்தில் அவை இருந்திருக்க வழியே இல்லை. இம்மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் மூட்டுக்கு ஆகாதவை என்ற கருத்தை, 1970களில் அமெரிக்கத் தோட்டக்கலைப் பேராசிரியர் நார்மன் சில்டர்ஸ் பரப்பினார். முறையான ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. யாரேனும் ஒருவர் தக்காளி சாப்பிட்டால் தமக்கு வலி கூடுகிறது என்று உணர்ந்தால், அவர் மட்டும் அதை விட்டுப் பார்க்கட்டும். ஊருக்கே அதை எழுதிக் கொடுக்க வேண்டாம்.

அமிலம் என்பதைப் புளிப்பு என்று எண்ணுவது

கவுட் உள்ளவரிடம் ‘யூரிக் அமிலம் கூடியிருக்கிறது’ என்று சொன்ன மறுநாளே அவர் வீட்டில் புளி, எலுமிச்சை, தயிர் மூன்றும் நின்றுவிடுகின்றன. யூரிக் அமிலம் நாக்கில் படும் புளிப்பிலிருந்து வருவதில்லை. உடல் உயிரணுக்களிலும் நாம் உண்ணும் சில உணவுகளிலும் இருக்கும் பியூரின் என்ற பொருள் சிதைவதால் உண்டாகிறது. இதை ஒரு நிமிடம் உட்கார்ந்து விளக்க வேண்டும். நான் பல ஆண்டுகள் விளக்காமல் விட்டேன்.

அடுத்ததாகப் பருப்பையும் கீரையையும் நிறுத்தச் சொல்லுகிறோம். அமெரிக்காவில் 47,000க்கும் மேற்பட்ட ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியான ஆய்வில், இறைச்சியும் கடலுணவும் மிகுதியாக உண்டவர்களுக்குக் கவுட் வரும் வாய்ப்பு கூடியிருந்தது. பியூரின் மிகுந்த காய்கறிகளால் கூடவில்லை. பால்பொருள்களை அதிகம் உண்டவர்களுக்கு வாய்ப்பு குறைந்தே இருந்தது. சைவ உணவு உண்ணும் ஒரு முதியவரிடமிருந்து பருப்பையும் தயிரையும் பறித்துவிட்டால் அவருக்கு மிஞ்சுவது சோறும் ரசமும்தான். அந்த ரசத்துக்கும் புளி கூடாது என்று தாள் சொல்லுகிறது.

நாம் கேட்க மறப்பது குடிப்பதைப் பற்றி. சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். அது கல்லீரலில் சிதையும்போது யூரிக் அமிலம் கூடுகிறது. உணவங்காடி நிலையத்தில் ஒரு நாளைக்கு மூன்று தே தாரேக், மாலையில் ஒரு பாண்டுங் என்று இனிப்புப் பானங்களாகக் குடிப்பவர், ‘நான் மாமிசத்தையே தொடுவதில்லை, எனக்கு எப்படி வந்தது?’ என்று உண்மையாகவே குழம்புகிறார். பானங்களுக்கு இப்போது சர்க்கரை அளவைக் காட்டும் நியூட்ரிகிரேட் எழுத்து போடுகிறார்கள். சர்க்கரை சேர்க்காத தேநீருக்கு ‘தே சி கோசோங்’ என்று கேட்டுப் பழக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்படியும் உணவுக் கட்டுப்பாடு மட்டும் யூரிக் அமிலத்தைப் பெரிதாக இறக்காது. லிட்டருக்கு 360 மைக்ரோமோலுக்குக் கீழே கொண்டுவரப் பெரும்பாலோருக்கு மருந்து வேண்டியிருக்கும். நன்றாகப் பத்தியம் இருந்தும் எண் இறங்காதவர், தம்மிடம் மனக்கட்டுப்பாடு இல்லை என்று நொந்துகொள்ள விடாதீர்கள்.

ஆட்டுக்கால் சூப்

காலுக்குக் கால் என்ற நம்பிக்கை. தேய்ந்த முழங்காலுக்கு எப்போதாவது ஒரு கிண்ணம் குடித்தால் பெரிய கெடுதல் இல்லை. கவுட் உள்ளவர் வலி வந்த வாரத்தில் தேக்கா சந்தையில் வாங்கிய ஆட்டுக்காலை நான்கு மணி நேரம் கொதிக்க வைத்துக் குடிப்பது, எரியும் அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது. நெத்திலிச் சம்பலும் ஈரல் வறுவலும் அதே கணக்கு.

வலிக்கும் நாளில் எடுத்த யூரிக் அமிலம்

அன்று அளவு சரியாக இருக்கலாம். ‘கவுட் இல்லை’ என்று முடிவுகட்ட வேண்டாம். வலி அடங்கிச் சில வாரங்கள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

வீட்டு வைத்தியத்தைச் சிரித்து ஒதுக்குவது

முடக்கத்தான் கீரையை அரைத்துத் தோசை வார்த்துச் சாப்பிடுகிறேன் என்று ஒரு பெரியவர் சொன்னபோது, இளவயதில் நான் சிரித்துவிட்டேன். அதன்பிறகு அவர் என்னிடம் எதையும் சொல்லவில்லை. ஊரிலிருந்து உறவினர் அனுப்பிய ஒரு பொடியை ஏழு மாதங்களாக உட்கொண்டதையும் சொல்லவில்லை. முகம் உப்பி, சர்க்கரை அளவு எகிறிய பிறகு மருத்துவர்கள் கேட்டுத்தான் தெரிந்தது. மூட்டுவலிக்கென்று விற்கப்படும் இத்தகைய பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்திருப்பதைச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஒரே நாளில் வலி மாயமாகப் போனது என்று யாரேனும் சொன்னால் பொட்டலத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். உடனே நிறுத்து என்று மட்டும் சொல்லாதீர்கள். பல மாதங்கள் உட்கொண்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மருத்துவரிடம் அனுப்பி வையுங்கள்.

சிரிக்க நமக்கு உரிமையும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மறைந்திருக்கும் கிருமிகளே மூட்டு வீக்கத்துக்குக் காரணம் என்று நம்பி, பட்டம் பெற்ற மருத்துவர்கள் நோயாளிகளின் பற்களையும் தொண்டைச் சதையையும் பிடுங்கி எடுத்தார்கள். மறுபுறம், ஆறாம் நூற்றாண்டில் டிராலிஸ் ஊரின் மருத்துவர் அலெக்சாந்தர் மூட்டுவலிக்குப் பரிந்துரைத்த, கார்த்திகைக் கிழங்கின் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த கோல்ச்சிக்கம் என்ற செடியிலிருந்துதான், இன்று கவுட் வலிக்குக் கொடுக்கும் கோல்ச்சிசின் வருகிறது. பழையதில் எது நிற்கும் எது விழும் என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. முடக்கத்தான் தோசையைச் சாப்பிடட்டும். மருந்தையும் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள்.

கால்சியம் மாத்திரை

அது எலும்பு அடர்த்திக்கு. மூட்டு வீக்கத்தை இறக்காது.

நிறையத் தண்ணீர் குடியுங்கள்

சிறுநீரகமோ இதயமோ பழுதுபட்டவரிடம் இதைச் சொல்லாதீர்கள். கவுட் உள்ளவர்களில் அப்படிப்பட்டவர்கள் பலர்.

மெத்தோட்ரெக்சேட்

முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் இந்த மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் விழுங்கினால் உயிர் போகலாம். மூத்தோரிடம் ‘மருந்து சாப்பிடுறீங்களா?’ என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். எந்தக் கிழமை என்று கேளுங்கள். அதோடு சேர்த்துக் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையும் தனியே இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சிறியவை, மஞ்சள் நிறத்தில் ஒன்றுபோலவே இருப்பதும் உண்டு. அந்த அம்மையார் இப்போது வெள்ளிக்கிழமையில் உட்கொள்கிறார். மாத்திரைப் பெட்டியின் மூடியில் அவருடைய பேத்தி பெரிய எழுத்தில் ‘வெள்ளி’ என்று எழுதி ஒட்டியிருக்கிறாள்.