நஷ்டக் கணக்கைத் தூக்கிப் போடாதீங்க: கம்பெனி வரியைக் குறைக்க அது எப்படி உதவும்?

"இந்த வருஷம் நஷ்டம்தானே, வரி எதுவும் இல்லை. ரிட்டர்ன் மெதுவா போட்டுக்கலாம்" என்று சொல்லும் முதலாளிகள் ஊருக்கு நாலு பேர் உண்டு. அடுத்த வருஷ லாபத்துக்கான வரியைக் கையில் எண்ணிக் கொடுக்கும்போதுதான் வலிக்கும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, பிரைவேட் லிமிடெட், என்று கற்பனையாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

படி 1: புத்தக நஷ்டத்தை அப்படியே எடுக்காதீர்கள். கட்டிய வருமான வரி, சட்டத்தை மீறியதற்கான அபராதம் போன்றவை செலவில் ஏறாது. தேய்மானத்தையும், அதாவது இயந்திரம் போன்ற சொத்துகள் பழசாவதற்கான கழிவையும், வருமான வரி விகிதப்படியே போட வேண்டும். சாதாரண இயந்திரங்களுக்கு 15%.

படி 2: நஷ்டத்தை இரண்டாகப் பிரியுங்கள். மொத்தம் 30 லட்சம், அதில் தேய்மானம் 12 லட்சம் என்றால் தொழில் நஷ்டம் 18 லட்சம். இரண்டையும் வரும் வருஷங்களின் லாபத்தில் கழிக்கலாம். ஆனால் தொழில் நஷ்டத்துக்கு 8 ஆண்டுதான் ஆயுள். தேய்மானத்துக்குக் கெடு இல்லை.

படி 3: அதே வருஷத்தின் வேறு வருமானத்தில் கழியுங்கள். ஃபிக்சட் டெபாசிட் வட்டி 2 லட்சம் வந்திருந்தால், தொழில் நஷ்டம் 16 லட்சமாகக் குறையும். வட்டிக்கு வரி இல்லை. இந்தச் சலுகை அந்த வருஷத்தோடு சரி. அடுத்த வருஷத்துக்குப் போன தொழில் நஷ்டம் தொழில் லாபத்தில் மட்டுமே கழியும்.

படி 4: கம்பெனிகளுக்கான வருமான வரி ரிட்டர்னான ஐடிஆர்-6 படிவத்தைக் கெடு தேதிக்குள் போடுங்கள். பெரும்பாலான கம்பெனிகளுக்கு அக்டோபர் 31. தாமதமானால் தேய்மானம் பிழைத்துக்கொள்ளும், அந்த 16 லட்சம் போயே போச்சு. ஆடிட்டரை நச்சரிப்பதில் தப்பே இல்லை.

படி 5: அடுத்த வருஷம், அந்த வருஷத் தேய்மானம் போக 25 லட்சம் லாபம். முதலில் பழைய தொழில் நஷ்டம் 16 லட்சத்தைக் கழியுங்கள், மீதி 9. பிறகு பழைய தேய்மானத்தில் 9 லட்சம். வரி பூஜ்யம், 3 லட்சம் தேய்மானம் இன்னும் கையில். கெடு உள்ளது முதலில் தீர்வதால் இந்த வரிசை நமக்கே சாதகம். 22% விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனி என்றால் சர்சார்ஜ், செஸ் என்ற கூடுதல் வரிகளைச் சேர்த்து 25.168%, அந்த 25 லட்சத்துக்கு மிச்சமான வரி 6,29,200 ரூபாய்.

பங்குகளை விற்கும் யோசனை இருந்தால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். இப்படிப்பட்ட பிரைவேட் லிமிடெட் கம்பெனியில், நஷ்ட வருஷத்தின் கடைசி நாளில் இருந்த பங்குதாரர்களிடமே குறைந்தது 51% வாக்குரிமை, நஷ்டத்தைக் கழிக்கும் வருஷத்தின் கடைசி நாளிலும் இருக்க வேண்டும். தகுதி பெற்ற ஸ்டார்ட்அப்புகளுக்கு விதி கொஞ்சம் தளர்வு. மற்றவர்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.