நிகோட்டினை நிறுத்தும்போது மூளையில் நடப்பதும் நாம் செய்ய வேண்டியதும்

சிகரெட் புகையை உள்ளிழுத்த 10 முதல் 20 விநாடிகளுக்குள், புகையிலையில் உள்ள போதைப்பொருளான நிகோட்டின் மூளையைச் சென்றடைகிறது. அங்கே அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளுக்கு உரிய ஏற்பிகளில் (செய்தியைப் பெறும் இடங்களில்) அது ஒட்டிக்கொள்வதால், இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் சுரந்து, சற்று நேரம் இதமும் ஊக்கமும் தோன்றுகின்றன. இது நாள்தோறும் தொடரும்போது ஏற்பிகள் மரத்துப்போகின்றன. மூளை அவற்றின் எண்ணிக்கையையும் கூட்டிக்கொள்கிறது. இரத்தத்தில் உள்ள நிகோட்டின் ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுவதால், அந்த ஏற்பிகள் வெறுமையாகி எரிச்சலும் பதற்றமும் கவனச்சிதறலும் தலைதூக்குகின்றன. மன அழுத்தம் தாளாமல் புகைப்பதாகச் சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அடுத்த சிகரெட் தரும் நிம்மதியில் பெரும்பகுதி, முந்தைய சிகரெட் விட்டுச்சென்ற தவிப்பு அடங்குவதுதான். ஆகவே, நிறுத்தும்போது வரும் அவதியை மனவலிமைக் குறைவு என்று எண்ணி யாரும் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

நிறுத்துவதற்கு முன், காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறீர்கள் என்று கவனியுங்கள். 30 நிமிடங்களுக்குள் என்றால் பழக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அத்தகையோருக்கு, தவிப்பைத் தணிக்க உதவும் 4 மி.கி. நிகோட்டின் சூயிங்கமும் மற்றவர்களுக்கு 2 மி.கி. சூயிங்கமும் பொருந்தும். அதைச் சாதாரண சூயிங்கம்போல் தொடர்ந்து மென்றால் நிகோட்டின் வயிற்றுக்குள் போய் விக்கலும் குமட்டலும்தான் மிஞ்சும். காரச்சுவையோ நாவில் குறுகுறுப்போ தெரியும்வரை மெதுவாக மென்று, உடனே நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த உணர்வு மங்கியபின் மீண்டும் மென்று வேறு பக்கத்தில் ஒதுக்க வேண்டும். இப்படி ஏறக்குறைய 30 நிமிடங்கள் செய்யலாம். காபியும் பழச்சாறும் வாயின் அமிலத்தன்மையைக் கூட்டி உறிஞ்சுதலைத் தடுப்பதால், மெல்லுவதற்கு 15 நிமிடங்களுக்கு முன்பிருந்தே அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை நாள் முழுவதும் சீராக நிகோட்டினைத் தரும். திடீர்த் தவிப்புக்குச் சூயிங்கத்தையும் சேர்த்துக்கொள்வது, ஏதேனும் ஒன்றை மட்டும் நம்புவதைவிட நல்ல பலன் தருகிறது. இரவில் தெளிவான, விசித்திரமான கனவுகள் தொல்லை தந்தால் படுக்கும் முன் பட்டையை எடுத்துவிடலாம். இவையும் நிகோட்டின்தானே என்று பலர் அஞ்சித் தயங்குகிறார்கள். ஆனால், புற்றுநோயை உண்டாக்கும் பொருள்கள் பெரும்பாலும் புகையிலையிலிருந்தும் அதன் புகையிலிருந்தும்தான் வருகின்றன. சூயிங்கம், பட்டை ஆகியவற்றின் நிகோட்டினோ புகையின் வேகத்தில் மூளையைத் தாக்குவதில்லை.

தவிப்பு சில மணி நேரத்தில் தொடங்கி, 2 அல்லது 3ஆம் நாளில் உச்சத்தைத் தொட்டு, 3, 4 வாரங்களில் வெகுவாகத் தணிகிறது. ஆகவே, அந்த உச்ச நாள்கள் வேலைப்பளு மிகுந்த நாள்களோடு மோதாதபடி தேதியைக் குறியுங்கள். ஒவ்வொரு வேட்கையும் பெரும்பாலும் சில நிமிடங்களே நீடிக்கும். அந்த நேரத்தில் இருந்த இடத்தைவிட்டு எழுந்து நடப்பது உதவும். புகையில் உள்ள தார்ப்பொருள்கள் காபியிலுள்ள கஃபீனை விரைவில் சிதைக்கும்படி கல்லீரலைத் தூண்டியிருப்பதால், நிறுத்தியபின் அதே அளவு காபி படபடப்பையும் தூக்கமின்மையையும் தரக்கூடும். பலர் இதையும் நிகோட்டின் தவிப்பென்றே தவறாக எண்ணிவிடுகிறார்கள். காபியைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

வளரிளம் பருவத்தினரிடம் இன்னும் கூடுதல் கவனம் தேவை. திட்டமிடலையும் தன்கட்டுப்பாட்டையும் ஆளும் முன்மூளைப் பகுதி ஏறக்குறைய 25 வயதுவரை முதிர்ச்சி அடைகிறது. அதற்குள் நிகோட்டின் புகுந்தால் கவனமும் கற்றலும் பாதிக்கப்படலாம். இ-சிகரெட்டும் இதற்கு விதிவிலக்கல்ல. அதன் திரவம் சிறு குழந்தைகளுக்குக் கொடிய நஞ்சு; கைக்கெட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

கர்ப்பிணிகளும், இதயநோய் உள்ளவர்களும், 18 வயதுக்கு உட்பட்டவர்களும் மருத்துவரைக் கேட்டபிறகே நிகோட்டின் மாற்றுப் பொருள்களைப் பயன்படுத்த வேண்டும். புகையை நிறுத்த உதவும் மாத்திரைகளும் உண்டு. அவற்றில் வேரனிக்லின், மூளையில் நிகோட்டின் ஒட்டும் அதே ஏற்பிகளை ஓரளவு மட்டும் தூண்டி, நிகோட்டின் அங்கே ஒட்டாமல் தடுக்கும். வழக்கமாக 12 வாரங்கள் தரப்படுகிறது. மற்றொரு மாத்திரையான புப்ரோப்பியான், வலிப்பு வந்தவர்களுக்கு ஏற்றதல்ல. குளோசாபின், ஒலான்சாபின் போன்ற மனநல மருந்துகளை உட்கொள்பவர்களுக்குப் புகையை நிறுத்தியதும் இரத்தத்தில் மருந்தின் அளவு உயரக்கூடும் என்பதால், நிறுத்தும் தேதியை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.