ரயில் பெற்ற ஊரைப் பார்ப்பது எப்படி: வடக்கு டகோட்டா போகும் வேலூர்க்காரர்களுக்கு

பிள்ளைகள் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஃபார்கோவிலோ கிராண்ட் ஃபோர்க்ஸிலோ இருக்கிறார்கள் என்று விசா வாங்கிக்கொண்டு இங்கிருந்து போகிற பெற்றோருக்கு முதல் வாரத்தோடு பார்க்க வேண்டியதெல்லாம் தீர்ந்துவிடும். வால்மார்ட், ஆற்றங்கரை பார்க், யூனிவர்சிட்டி, அப்புறம் சோபாவில் உட்கார்ந்து இங்கத்து சீரியலையே அங்கேயும் பார்ப்பது. பேசாமல் ஒரு சனிக்கிழமை காரை எடுக்கச் சொல்லி, நூறு இருநூறு பேர் மட்டும் மிஞ்சியிருக்கிற ஒரு சின்ன ரயில் ஊருக்குப் போய் வாருங்கள். "அங்க என்னம்மா இருக்கு?" என்று பையன் கேட்பான், என் பையனும் அதைத்தான் கேட்டான். எப்படிப் பார்ப்பது என்று தெரிந்தால் அரை நாள் பத்தாது.

முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கம் ஊர் முதலில், ரயில் பிறகு. 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் விட்டபோது ஆற்காடும் வாலாஜாபேட்டையும் வேலூரும் ஏற்கனவே பெரிய ஊர்கள்; லைன் ஊருக்குள் வராமல் ஓரமாகப் போனது, வேலூருக்கு வரவேண்டிய ரயிலே பாலாற்றுக்கு அந்தப் பக்கம் காட்பாடியில்தான் நின்றது. நம் மாவட்டப் பக்கத்தில் ரயிலால் பெரிதான ஊர் என்றால் ஜோலார்பேட்டையைச் சொல்லலாம். வடக்கு டகோட்டாவில் எல்லா ஊரும் ஜோலார்பேட்டைதான், ஜங்ஷன் மட்டும் கிடையாது. டகோட்டா, லகோட்டா, ஒஜிப்வே மக்களிடமிருந்து பிடுங்கிய புல்வெளியில் கம்பெனிக்காரன் தண்டவாளத்தைப் போட்டுக்கொண்டே போவான், பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு முளை அடிப்பான், அதுதான் ஊர். ஏன் அந்தத் தூரம்? விவசாயி குதிரை வண்டியில் கோதுமை ஏற்றி வந்து, விற்றுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும், அந்தக் கணக்கு.

பெயர் வைத்ததும் பெரும்பாலும் ரயில்வேதான். மாநிலத் தலைநகருக்கு 1873-ல் பிஸ்மார்க் என்று பெயர் வைத்ததே ஜெர்மன்காரர்களின் முதலீட்டை இழுக்கத்தான். ஃபார்கோ என்பது நார்தர்ன் பசிபிக் ரயில்வே கம்பெனி இயக்குநர் ஒருவரின் பெயர்.

ஊரைத் தேர்ந்தெடுக்க மூன்று பாதைகள் உண்டு. ஃபார்கோவில் இருந்தால் ஐ-94 சாலை, அது பழைய நார்தர்ன் பசிபிக் லைனை ஒட்டிப் போகிறது. கிராண்ட் ஃபோர்க்ஸில் இருந்தால் ஹைவே 2, அது ஜேம்ஸ் ஹில் என்ற ரயில்வே முதலாளியின் கிரேட் நார்தர்ன் லைன். நேரம் இருந்தால் ஜேம்ஸ்டவுனிலிருந்து வடமேற்கே ஹைவே 52-ஐப் பிடித்தால் சூ லைன் என்ற இன்னொரு ரயில்வேயின் ஊர்கள் வரும். எனக்குப் பிடித்தது ஹைவே 2. கிராண்ட் ஃபோர்க்ஸிலிருந்து ரக்பி வரை சுமார் 240 கிலோமீட்டர், வழியெல்லாம் இந்த மாதிரி ஊர்கள். ரக்பியில் வட அமெரிக்காவின் மையப்புள்ளி என்று 1931-ல் கட்டிய கல் கோபுரம் ஒன்று இருக்கிறது, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நகருங்கள், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

முந்தின நாள் ராத்திரி ஒரு வேலை. அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் சான்போர்ன் மேப் என்று தேடச் சொல்லுங்கள். தீ இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் போட்ட வரைபடங்கள், இலவசம். எந்தக் கட்டடம் செங்கல், எது மரம், எது குதிரை லாயம் என்று கட்டடம் கட்டடமாக இருக்கும். ரொம்பச் சின்ன ஊருக்கு இருக்காது, கொஞ்சம் பெரிதாக இருந்த ஊருக்கு இருக்கலாம். கிடைத்தால் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நிலம் யார் பெயருக்கு முதலில் பட்டா ஆனது என்று பார்க்கவும் அரசுத் தளம் இருக்கிறது. 1862 சட்டப்படி குடியேறியவனுக்கு 160 ஏக்கர், குடியிருந்து உழுது காட்ட வேண்டும்.

ஊருக்குப் போனதும் தண்டவாளத்திலிருந்து ஆரம்பியுங்கள், மெயின் ரோட்டிலிருந்து வேண்டாம். தண்டவாளத்தின் மேல் நடக்காதீர்கள், அது ரயில்வே சொத்து, அத்துமீறல் என்று பிடிப்பார்கள். ரோடு கிராசிங்கில் நின்று பார்த்தாலே போதும். என் வீட்டுக்காரர் அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், பார்த்தவுடனே "என்ன இது, லைன் ஒடுங்கலா இருக்கு" என்றார். உண்மைதான், நம் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர், அங்கே 1435. தண்டவாளத்தின் பக்கவாட்டில் அதைச் செய்த ஆலையின் பெயரும் ஆண்டும் புடைப்பு எழுத்தில் இருக்கும் என்று காட்டினார். துருவை மீறி அதைப் படிக்க முடிந்தால் லைன் எவ்வளவு பழையது என்று ஒரு மாதிரி தெரிந்துவிடும். தண்டவாளமே இல்லையா? அதுவும் நடக்கும். 1980-ல் ஸ்டாகர்ஸ் சட்டம் வந்த பிறகு நஷ்டக் கிளைப் பாதைகளைக் கைவிடுவது சுலபமாகிவிட்டது. புல் மூடிய நீள மேடும், 'ரயில்வே தெரு' என்ற பலகையும் மட்டும் இருக்கும்.

அடுத்தது எலிவேட்டர். ஊருக்கு ஐந்தாறு மைல் முன்னாலேயே தெரிகிற உயரமான தானியக் கிடங்குதான் அது. பழையது என்றால் மரம்: பலகைகளைப் படுக்கவைத்து ஒன்றன் மேல் ஒன்றாக ஆணியடித்துக் கட்டி, வெளியே தகரம் போர்த்தியிருப்பார்கள். வண்டி உள்ளே வந்து எடை போட்டுக் குழியில் கொட்டும், பெல்ட்டில் கோத்த சின்ன வாளிகள் அதை உச்சிக்குத் தூக்கிப்போகும், அங்கிருந்து தானாகவே குழாயில் இறங்கி வேகனுக்கு. தகரத்தில் வெளிறிப்போன எழுத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், ஒரு பெயரின் மேல் இன்னொரு பெயர் அடித்திருக்கும்; தனியார் கம்பெனி கையிலிருந்து விவசாயிகள் கூட்டுறவுக்கு மாறிய கதை அதில் இருக்கும். கம்பெனிக்காரன் எடையில் ஏமாற்றுகிறான், தரத்தைக் குறைத்துப் போடுகிறான் என்ற கோபம் முற்றித்தான் 1915-ல் அங்கே ஒரு விவசாயிகள் அமைப்பு கிளம்பியது, பிறகு தேர்தலில் ஆட்சியைப் பிடித்தது, 1919-ல் மாநில அரசே வங்கி தொடங்கியது, 1922-ல் கிராண்ட் ஃபோர்க்ஸில் அரசு மாவு ஆலை ஓடியது. இரண்டும் இன்றைக்கும் அரசிடம்தான். அமெரிக்காவில் இதெல்லாம் உண்டா என்று ஆச்சரியப்படாத ஆள் கிடையாது.

எலிவேட்டரைப் பார்த்தாலே ஊர் ஏன் சுருங்கியது என்பதும் புரியும். இப்போது ரயில்வே விரும்புவது 110 வேகன் கொண்ட ஒரே ரயில், வேகனுக்குச் சுமார் 100 டன். அதை ஏற்றுகிற பெரிய இடம் நாலைந்து ஊருக்கு ஒன்று இருந்தால் போதும், லாரி அங்கே போய்விடும். பண்ணைகளும் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிட்டன, ஆள் குறைந்தால் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் போனால் கடை. ஆனால் மாநிலமே காலியாகிறது என்று நினைத்துவிடாதீர்கள்: 1930-ல் 6,80,845 பேர், 2020-ல் 7,79,094. ஜனம் ஃபார்கோவுக்கும் பிஸ்மார்க்குக்கும், மேற்கே எண்ணெய்க் கிணற்றுப் பக்கமும் போய்விட்டது.

தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி நின்றால் பெரும்பாலும் மெயின் தெரு எதிரே நேராகப் போகும். மூலையில் செங்கல் கட்டடம் இருந்தால் பேங்க்காக இருந்திருக்கும். பிரிண்ட் எடுத்த மேப்பை இங்கே பிரித்து, காலி மனை ஒவ்வொன்றிலும் என்ன இருந்தது என்று பாருங்கள், நேரம் போவதே தெரியாது. சர்ச்சும் பள்ளிக்கூடமும் வழக்கமாகக் கடைகளைத் தாண்டி. கல்லறைத் தோட்டத்தையும் விடாதீர்கள். நார்வே பெயர்களும், தெற்குப் பக்க ஊர்களில் ரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மன்காரர்களின் இரும்புச் சிலுவைகளும் இருக்கும். கொல்லன் பட்டறை வேலை, ஒன்று போல் ஒன்று இருக்காது.

ஊரில் கஃபே திறந்திருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். விவசாயிகள் உட்கார்ந்திருப்பார்கள், யார் காபிக்குக் காசு கொடுப்பது என்று தாயம் உருட்டுவார்கள். நீங்கள் சேலையில் போனால் கட்டாயம் பேச்சுக் கொடுப்பார்கள், கூச்சப்படாதீர்கள். வேலூர் என்று சொல்லுங்கள்; பழைய சர்ச் ஆட்களுக்கு சி.எம்.சி. தெரிந்திருக்கலாம், அதைத் தொடங்கிய ஐடா ஸ்கட்டர் அமெரிக்க மிஷனரி குடும்பம்தானே. சைவமாக இருந்தால் சூப்பில் கோழிச்சாறு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவது உத்தமம்.

மே முதல் செப்டம்பர் வரை போகலாம். ஆகஸ்டில் சூரியகாந்தியும் கோதுமை அறுவடையும் சேர்ந்து கிடைக்கும். குளிர்காலத்தில் மைனஸ் 30 வரை இறங்கும், வேண்டவே வேண்டாம். கால் டாங்க் குறைந்ததுமே பெட்ரோல் போட்டுவிடுங்கள், அடுத்த பங்க் எங்கே என்று சொல்ல முடியாது, போன் சிக்னலும் அப்படித்தான். ரயிலிலேயே போகலாமே என்று கேட்டால், எம்பயர் பில்டர் என்று ஒரு பயணிகள் ரயில் ஒரு திசைக்கு நாளுக்கு ஒன்று ஓடுகிறது; ஆனால் ஃபார்கோவுக்கு அது நடுச்சாமம் தாண்டித்தான் வரும், சின்ன ஊர்களில் நிற்கவும் நிற்காது. கார்தான்.