செம்பருந்துக் கூட்டைத் தொந்தரவில்லாமல் பார்ப்பது எப்படி

பாம்பன், மண்டபம் பக்கம் மீன் இறங்குகிற இடங்களில் வெள்ளைத் தலையும் செங்காவி உடம்புமாகச் சுற்றும் கருடன்தான் செம்பருந்து. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கூடு கட்டும் காலம். மரம் மரமாகத் தேட வேண்டாம். காலில் குச்சியோ மீனோ பற்றிக்கொண்டு பறப்பது எந்த உயரமான மரத்தில் இறங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

கூடு தெரிந்ததும் கிட்டே போகாதீர்கள், இதுதான் முக்கியம். கீழே வலை தைக்கிறவர்கள், ஐஸ் வண்டி, கூச்சல் எல்லாம் அதற்குப் பழகியிருக்கும், ஆனால் ஒரு ஆள் நின்று அண்ணாந்து முறைத்தால் கூட்டைவிட்டு எழுந்துவிடலாம், காக்கைக்கு அந்த இடைவெளி போதும், முட்டை போய்விடும். தள்ளி, படகு நிழலில் உட்காருங்கள், 8×42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மி.மீ.) தாராளம். பறவை உங்களைப் பார்த்துக் கத்தினால் இன்னும் பின்னால் போங்கள்.

முட்டை பொரிய ஏறக்குறைய 27 நாள். இளம்பறவை பழுப்பாக இருப்பதால் கள்ளப்பருந்து (ஊருக்குள் சுற்றும் பழுப்புப் பருந்து) என்று தோன்றும். வாலைப் பாருங்கள், நுனி வட்டமாக இருந்தால் செம்பருந்து, பிளந்திருந்தால் கள்ளப்பருந்து.

அப்புறம், ட்ரோன் வேண்டவே வேண்டாம். படம் போட்டாலும் மரம் இருக்கும் இடத்தைச் சொல்லாதீர்கள்.