நாலு பேர் மேஜிக் ஆட்டத்தில் மந்திரங்கள் மோதினால்

'மேஜிக்: த கேதரிங்' என்ற அட்டை விளையாட்டில், பலர் சேர்ந்து ஆடும் கமாண்டர் ஆட்டத்தில் ஆளாளுக்கு மந்திரம் போட ஆரம்பித்தால், அந்த அட்டைகளை மேசை நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடுங்கள். கடைசியாக வந்ததுதான் முதலில் தீரும், அதாவது அதன் விளைவுதான் முதலில் நடக்கும். ஒருவரின் 'லைட்னிங் போல்ட்' என்ற தாக்குதல் மந்திரத்துக்கு இன்னொருவர், அடுத்தவர் மந்திரத்தை ரத்து செய்யும் 'கவுண்டர்ஸ்பெல்' போட்டால், மேலே இருக்கும் கவுண்டர்ஸ்பெல் முதலில் வேலை செய்யும். போல்ட் காலி.

ஒவ்வொரு அட்டை தீர்ந்த பிறகும் எல்லோருக்கும் மறுபடி பதில் கொடுக்க வாய்ப்பு உண்டு; யாருடைய முறை நடக்கிறதோ அவருக்கே முதல் வாய்ப்பு. பலர் மொத்த அடுக்கையும் ஒரே மூச்சில் தீர்த்துவிடுகிறார்கள். பாதிச் சண்டை அங்கேதான் கிளம்புகிறது.

சரி, பலருடைய ட்ரிகர்கள் (ஏதாவது நடந்தவுடன் தானாகவே கிளம்பும் அட்டை விளைவுகள்) ஒரே சமயத்தில் வந்தால்? முறைக்காரர் தன்னுடையதை முதலில் அடுக்குவார், அப்புறம் முறை வரிசைப்படி மற்றவர்கள். அதனால் முறைக்காரருடையது கடைசியில்தான் தீரும். ஒருவருக்கே பல ட்ரிகர்கள் இருந்தால், அவற்றின் வரிசை அவர் இஷ்டம்.