கால்குலேட்டரில் ஃபூரியர் உருமாற்றம்: சத்தமில்லாமல் நடக்கும் தவறுகள்

ஃபூரியர் உருமாற்றம் என்பது ஓர் அலையில் எந்த அதிர்வெண் எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் கணக்கு. கிராஃபிங் கால்குலேட்டரில் அதைப் போடும்போது நாம் செய்யும் தவறுகளில் பலவற்றுக்குப் பிழைச்செய்தி வராது. பார்க்க ஒழுங்கான ஓர் எண் வரும். நாமும் நம்பி எழுதிவிடுவோம்.

டிஐ-84 கால்குலேட்டரில் இதற்கெனத் தனிக் கட்டளை இல்லை. மேத் பட்டியலில் 9ஆவதாக உள்ள தொகையிடலை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். 'இ'யின் அடுக்கில் மைனஸ் எக்ஸ் வர்க்கம் என்ற காஸியனை, அதாவது மணி வடிவ வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கொசைன் 2எக்ஸால் பெருக்கி, மைனஸ் முடிவிலி முதல் முடிவிலி வரை தொகையிட்டால் 0.652 வர வேண்டும். மோடு ரேடியனில் இல்லாமல் டிகிரியில் கிடந்தால் 1.772 வரும். கொசைன் கிட்டத்தட்ட 1 ஆகவே நின்றுவிடுவதால் நமக்குக் கிடைப்பது வெறும் காஸியனின் பரப்பு, அதாவது பையின் வர்க்கமூலம். ஒமேகாவை, அதாவது கொசைனுக்குள் எக்ஸுக்கு முன்னால் உள்ள எண்ணை, 2, 3, 4 என்று மாற்றியும் விடை ஏறக்குறைய அசையவில்லையா? முதலில் மோடைப் பாருங்கள்.

அடுத்தது முடிவிலி. எல்லையாக 10இன் 99ஆம் அடுக்கைப் போடுபவர்கள் உண்டு. கால்குலேட்டர் சில புள்ளிகளில் மட்டும்தான் சார்பை எட்டிப் பார்க்கிறது. அவ்வளவு பெரிய வெளியில் நடுவிலிருக்கும் சின்னக் குன்று அதன் கண்ணில் படாமலே போகலாம். இந்தக் காஸியனுக்கு −10 முதல் 10 வரை தாராளம். மெதுவாகத் தேயும் சார்பு என்றால் எல்லையை இரட்டிப்பாக்கி, விடை மாறுகிறதா என்று பாருங்கள்.

எச்பி 50ஜி கால்குலேட்டரில் எஃப்எஃப்டி (விரைவு ஃபூரியர் உருமாற்றம்) கட்டளையே இருக்கிறது. சரி, வேலை சுலபம் என்று நினைத்தால், அங்கே வேறு குழிகள். தரவின் எண்ணிக்கை 2இன் அடுக்காக இருக்க வேண்டும். 50 அளவீடுகள்தான் இருந்தால் மிச்சத்துக்குச் சுழியம் நிரப்பி 64 ஆக்கலாம். ஆனால் அதன்பின் அதிர்வெண் கணக்கிலும் 64ஐத்தான் வைக்க வேண்டும்.

நொடிக்கு 100 மாதிரி (அளவீடு), சுழியம் நிரப்பாமலே மொத்தம் 64 என்றால் ஒவ்வொரு படியும் 1.5625 ஹெர்ட்ஸ். 9ஆம் இடத்தில் உச்சம் தெரிந்தால், அந்தப் படியை 9ஆல் பெருக்குவதுதான் எல்லாரும் விழும் இடம். முதல் இடம் சுழிய அதிர்வெண்ணுக்கு உரியது. ஆகவே 8ஆல் பெருக்கி 12.5 ஹெர்ட்ஸ். 57ஆம் இடத்திலும் ஓர் உச்சம் நிற்கும். அது அதன் கண்ணாடிப் பிம்பம், 87.5 ஹெர்ட்ஸ் அல்ல. உயரமும் அப்படியே வீச்சு ஆகாது, 32ஆல் வகுக்க வேண்டும். அந்த உயரத்தை எடுக்க முழு அணிக்கும் ஏபிஎஸ் (எண்ணளவு தரும் கட்டளை) போட்டால், ஒரே ஓர் எண்தான் வரும்: அணியின் நெறிமம், அதாவது மொத்த அணிக்குமான ஒரே அளவு. அணியைப் பட்டியலாக மாற்றிவிட்டு ஏபிஎஸ் போடுங்கள்.

அப்புறம் மாதிரி வேகம். நொடிக்கு 100 மாதிரி எடுத்தால் 60 ஹெர்ட்ஸ் அலை 40 ஹெர்ட்ஸ் என்று வேஷம் போடும். நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸோ மாதிரி வேகத்தில் சரிபாதி, அதனால் சரியாக விளிம்பில் நிற்கிறது. அலை சுழியத்தைக் கடக்கும் கணங்களிலேயே மாதிரிகள் விழுந்தால், அது இருந்த சுவடே திரையில் தெரியாது.